சிங்கப்பூர் டிக்கெட் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கும்பகோணம், பாபநாசம், வலங்கைமான் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும், நம் டிராவல்ஸ் கடையில் எடுத்த சிங்கப்பூர் டிக்கெட்டின் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். திருச்சியில் இரவு 1 மணிக்கு ஏறினால் சிங்கப்பூரில் காலை 7.30. "துபாய்க்கு மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை, இதற்கு ஆறரை மணி நேரமா? சுற்றுவழியில் போட்டுக் காசு பிடுங்கிவிட்டார்கள்" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அது நேரடி விமானம். சுற்றுவழி கிடையவே கிடையாது.

டிக்கெட்டில் ஏறும் நேரம் நம் ஊர்க் கடிகாரம், இறங்கும் நேரம் அந்த ஊர்க் கடிகாரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே 7.30 என்றால் இங்கே விடிகாலை 5. ஆக, பயணம் நான்கு மணி நேரம். துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். 1 மணிக்கு ஏறி அங்கே 3.45க்கு இறங்கினால் இங்கே 5.15. அதுதான் நாலேகால் மணி நேரம். திருச்சியிலிருந்து ஆகாய வழியில் சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ., துபாய் சுமார் 2,940 கி.மீ. தூரம் சற்றுக் குறைந்த துபாய்க்கு நேரம் கூட ஒரு முக்கியக் காரணம், உயரத்தில் மேற்கிலிருந்து வீசும் காற்று. குளிர்காலத்தில்தான் அது பலமாக எதிர்க்கும். துபாயிலிருந்து ஊர் திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும். விமானம் மணிக்கு 850 கி.மீ. போகும் என்று தூரத்தை வகுத்தால் மூன்றரை மணி நேரம்தானே என்று சிலர் கேட்கிறார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மேலேறுவதும், இறங்கக் காத்திருப்பதும் டிக்கெட் நேரத்தில் சேர்ந்தவைதாம்.

நேரடி விமானத்தில் இடம் இல்லாதபோதோ, விலை குறைவாக நீங்கள் கேட்கும்போதோதான் சென்னை, கொழும்பு வழியாகப் போடுகிறோம். அதுவும் உங்களிடம் சொல்லிவிட்டு, ஒரே பி.என்.ஆரில் (ஒரே முன்பதிவு எண்ணில்). தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்தால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி போட வேண்டிவரும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அந்தப் பணம் பெரும்பாலும் போனதுதான்.

எங்களுக்குக் கவலை தருவது தேதிக் குழப்பம். 15ஆம் தேதி 00.40 (அதாவது நள்ளிரவு 12.40) என்று இருந்தால் 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மூன்று மணி நேரம் முன்னதாகப் போவது நல்லது. பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன் கவுண்டரை மூடிவிடுவார்கள். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வழியாக ரோட்டில் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொண்டு, மாலை ஏழு மணிக்கே கிளம்புங்கள். மயிலாடுதுறைக்காரர்கள் ஆறு மணிக்கு.

பிள்ளைகளை அனுப்பியபோதும், பிறகு பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் பெரியவர்கள் கிளம்பியபோதும் நம் கடையையே தேடி வந்த குடும்பங்களுக்கு மனமார்ந்த நன்றி. இந்தப் படம் வந்தபோது எங்களுக்காகக் குழுவில் பேசியவர்களையும் மறக்க மாட்டோம். ஒரு பணியாளர் விலகியதால் ஞாயிறு விடுமுறை. அடுத்த மாதம் முதல் சர்வீஸ் சார்ஜ் டிக்கெட்டுக்கு 300 ரூபாய்.

டிக்கெட்டில் சந்தேகம் இருந்தால் கடைக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு ஊர் நேரத்தையும், வீட்டிலிருந்து கிளம்ப வேண்டிய தேதியையும் அதன் மேலேயே தமிழில் எழுதித் தருகிறோம்.

அன்புடன்,
உரிமையாளர்,
கும்பகோணம்