ரத்தத்தில் கால்சியம் 'நார்மல்' என்றால் எலும்பு நலமா?

ஆசிரியருக்கு,

இரைப்பைப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களின் தொடர் பரிசோதனையில் எண்டோஸ்கோபி, சி.டி. ஸ்கேன், ஹீமோகுளோபின், பி12 எல்லாம் இருக்கும். எலும்பு பெரும்பாலும் விடுபட்டுப்போகும். யாராவது நினைவூட்டினால் ரத்தத்தில் கால்சியம் பார்ப்பார்கள், 9.2 என்று வந்தால் 'நார்மல்' என்று ஃபைலை மூடிவிடுவார்கள். அந்த ஒற்றை எண்ணை நம்புவதில்தான் சிக்கல்.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இதயமும் நரம்பும் தடுமாறும் என்பதால் உடல் அதை லேசில் குறைய விடாது. உணவிலிருந்து வரத்து போதாதபோது பாராதைராய்டு ஹார்மோன் (பி.டி.எச்.) கூடும். எலும்பைக் கரைத்து ரத்தத்தின் அளவைச் சரிக்கட்டும். ரிப்போர்ட் ஒழுங்காக இருக்கும், எலும்பு கரைந்துகொண்டிருக்கும். ஆகவே பி.டி.எச்., 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி, ஆல்கலைன் பாஸ்பட்டேஸ், பாஸ்பரஸ், கிரியாட்டினின் ஆகியவற்றையும் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். வைட்டமின் டி மி.லி.க்கு 20 நானோகிராமுக்குக் கீழும் பி.டி.எச். உயர்ந்தும் இருந்தால், கால்சியம் எவ்வளவு 'நார்மல்' ஆனாலும் சிகிச்சை தேவை.

வரத்து ஏன் குறைகிறது? கால்சியத்தை முனைப்போடு உறிஞ்சும் இடம் முன்சிறுகுடல். இரைப்பையை எடுத்தபின் குடலை இணைக்கும் ரூ-என்-ஒய், பில்ராத் 2 முறைகளில் உணவு அந்த வழியே போவதில்லை. கொழுப்பு சரியாகச் செரிக்காததால் அதோடு வர வேண்டிய வைட்டமின் டி-யும் மலத்தோடு போய்விடுகிறது. பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்று பலர் அதையும் நிறுத்திவிடுகிறார்கள்.

மாத்திரையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பரவலாகக் கிடைக்கும் கால்சியம் கார்பனேட் கரைய அமிலம் வேண்டும். முழு இரைப்பையையும் எடுத்தவரிடம் அமிலம் ஏது? வெறும் வயிற்றில் போட்டால் பெரும்பகுதி வீண். கால்சியம் சிட்ரேட்டுக்கு அமிலம் தேவையில்லை. உணவோடும் போடலாம், இல்லாமலும் போடலாம். ஆனால் அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள்: 1,000 மி.கி. சிட்ரேட்டில் உள்ள உண்மையான கால்சியம் 210 மி.கி. மட்டுமே, 1,250 மி.கி. கார்பனேட்டில் 500 மி.கி. உணவையும் சேர்த்து நாளுக்கு 1,000 முதல் 1,200 மி.கி. என்பது பொதுவான இலக்கு. ஒரே வேளையில் 500 மி.கி.க்கு மேல் போட்டால் உறிஞ்சப்படும் விகிதம் குறையும். அதனால் இரண்டு மூன்று வேளையாகப் பிரியுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதற்கும் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம். எல்லாவற்றையும் காலை உணவோடு ஒரே வாயில் விழுங்குவதுதான் நாங்கள் அதிகம் பார்க்கும் தவறு.

முதுகுத்தண்டு, இடுப்பு இரண்டுக்கும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டும். அறுவை சிகிச்சையை ஒட்டி ஒன்று, பிறகு ஓரிரு ஆண்டு இடைவெளியில் மற்றொன்று. அதில் வரும் டி-ஸ்கோர் மைனஸ் 2.5 அல்லது அதற்கும் கீழ் என்றால் எலும்புப்புரை. உயரம் குறைந்திருந்தால், வலியே இல்லாவிட்டாலும், முதுகெலும்புக்கு எக்ஸ்ரே எடுங்கள்.

இடுப்பும் தொடையும் வலித்து, நாற்காலியிலிருந்து கையூன்றித்தான் எழ முடிகிறது என்றால் எலும்பு மென்மையாகிப்போகும் ஆஸ்டியோமலேசியாவாக இருக்கலாம். இதில் விலா எலும்பில் ஏற்படும் விரிசல்கள் போன் ஸ்கேனில் புற்றுநோய் பரவியதுபோலவே தெரிவதுண்டு. அதற்காகப் புதிய எலும்பு வலியை 'வைட்டமின் குறைபாடுதான்' என்று தள்ளிவிடவும் கூடாது. இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

மருந்துகளில் வரிசை முக்கியம். வைட்டமின் டி-யையும் கால்சியத்தையும் சரிசெய்யாமல், எலும்பு கரைவதைத் தடுக்கும் ஜோலெட்ரானிக் அமில ஊசி போட்டால் ரத்தக் கால்சியம் சரிந்து விரல்கள் மரத்துப்போகலாம், தசை இழுக்கலாம். சிறுநீரகச் செயல்பாட்டையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். அதே வேலையைச் செய்யும் அலென்ட்ரோனேட் மாத்திரை உணவுக்குழாயை அரிக்கக்கூடியது. பித்தம் எதுக்களிப்பவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நரம்பு வழியே போடும் ஜோலெட்ரானிக் அமில ஊசியே மேல் என்பது எங்கள் கருத்து. எலும்புப்புரைக்கான மற்றொரு ஊசியான டெனோசுமாப் தொடங்கினால் 6 மாதத் தவணையைத் தள்ளிப்போடக் கூடாது. வேறு மருந்துக்கு மாறாமல் திடீரென நிறுத்தினால், ஒன்றுக்கு மேற்பட்ட முதுகெலும்புகள் அடுத்தடுத்து நொறுங்கும் ஆபத்து உண்டு.

இப்படிக்கு,
எலும்பு நலத்துறை மருத்துவர்கள், உணவியல் ஆலோசகர்கள் சிலர்