களாச்செடிக்கும் நாற்றங்காலில் இடம் கொடுங்கள்

தமிழ்நாடு வனத்துறை நாற்றங்கால்களை நடத்தும் அலுவலர்களுக்கு,

வணக்கம். பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022-இல் தொடங்கியதிலிருந்து வேம்பு, புங்கன், நாவல், மகாகனி என்று மரக்கன்றுகள் ஊர் ஊராகப் போகின்றன. மகிழ்ச்சி. ஆனால் அந்த வண்டிகளில் ஒரு களாக்கன்றைப் பார்ப்பதே அரிது. காரை, சூரை போன்ற மற்ற முட்புதர்களைக் கேட்கவே வேண்டாம். மரத்தோடு முள்ளுச்செடிகளையும் வளர்த்துத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

களா நம் மண்ணின் செடி. செம்மண் மேட்டிலும் கல்லாங்காட்டிலும் ஒருமுறை வேர் பிடித்துவிட்டால் மழையை நம்பியே நிற்கும். கோடையில் மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ, கொத்துக் கொத்தாக. காய் முதலில் பச்சை, அப்புறம் இளஞ்சிவப்பு, கடைசியில் கருப்பு. பச்சைக் காயைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடிந்து விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், அதுதான் ஊறுகாய்க்கு. பழுத்ததை அப்படியே தின்னலாம். கேக்கின் மேல் செர்ரி என்று வைக்கிறார்களே, அது பல கடைகளில் சாயமேற்றிப் பாகில் ஊறவைத்த களாக்காய்தான்!

வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய சீமைக் கருவேலத்தையும் உன்னிச்செடியையும் அகற்றிவருகிறீர்கள். சரி, அந்த இடத்தில் என்ன நடப்போகிறோம்? வெறுமனே விட்டால் மழை பெய்ததும் திரும்ப முளைத்துவிடும். உன்னிப்பழத்தைத் தின்று விதையைப் பரப்புவது கொண்டைக்குருவியும் மைனாவும். களாவும் காரையும் அங்கே காய்த்தால் அதே பறவைகள் இவற்றின் விதையையும் கொண்டுபோய்ப் போடும்.

வளர்ப்பதில் ஒன்றைத்தான் கவனிக்க வேண்டும். களா விதையைச் சேர்த்துவைத்தால் முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். பழத்திலிருந்து எடுத்த கையோடு பையில் ஊன்றிவிட வேண்டும். அடுத்த ஆண்டு மழைக்கு ஒரு மீட்டர் இடைவெளியில் நட்டால் நல்ல உயிர்வேலி. மாடு நுழையாது, முள்கம்பிச் செலவும் மிச்சம். மூன்றாம் ஆண்டு வாக்கில் காய்க்கத் தொடங்கும். முள் குத்தும் என்பது உண்மைதான். விளையாட்டுத் திடலுக்குள் நடச் சொல்லவில்லை. பள்ளிச் சுற்றுவேலி, ஏரிக்கரையின் வெளிச்சரிவு, புறம்போக்கு எல்லை போதும்.

மாவட்டத்துக்கு ஒரு நாற்றங்காலிலாவது இந்த ஆண்டுப் பழக்காலத்தில் தொடங்குங்கள். அப்புறம், ஏரிக்கரையில் புதர் வெட்ட ஆள் அனுப்பும்போது களாவையும் காரையையும் அடையாளம் காட்டி விட்டுவைக்கச் சொல்லுங்கள். விதைக்கு வேண்டிய தாய்ச்செடிகள் இன்று அங்கேதான் மிஞ்சியிருக்கின்றன.

அன்புடன்,
களாக்காய் தின்று வளர்ந்த ஒருவர்