நாற்பதுக்கு மேல் மறுமணம்: நாள் குறிப்பதற்கு முன் பேச வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு வரன் பகுதியில் 'மறுமணம்' என்ற தலைப்பில் வரும் நான்கு வரி விளம்பரங்களை வாராவாரம் பார்க்கிறோம். 'வயது 47, அரசுப் பணி, சொந்த வீடு, குழந்தை இல்லாதவர் தேவை' என்ற ரீதியில் இருக்கும். நடுவயதில் செய்துகொண்ட மறுமணம் எதனால் முறிகிறதோ, அதில் ஒன்றுகூட இந்த வரிகளில் இருக்காது. குடும்ப நல ஆலோசனைத் துறையில் இருப்பவர்கள் என்ற முறையில் அவற்றை எழுதுகிறோம்.

மனைவியை இழந்த ஆணுக்குத் தலைத் திவசம் முடிவதற்குள் பெண் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். 'வேளாவேளைக்குச் சோறு போட ஆள் வேண்டாமா?' என்பதுதான் உறவினர் சொல்லும் காரணம். சோறுதான் பிரச்சினை என்றால் சமையலுக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். அதற்குத் தாலி எதற்கு? சாதம், ரசம், ஒரு பொரியல் செய்யவும், பிள்ளையின் பள்ளிக் கூட்டத்துக்குத் தானே போகவும் பழகிய பிறகு வரன் தேடுகிற ஆண், வருகிறவளிடம் தேடுவது வேறாக இருக்கும். இழப்பு நடந்த முதல் ஓராண்டில் மறுமணம், வீட்டை விற்பது போன்ற பெரிய முடிவுகளைத் தள்ளிப்போடுவது நல்லது.

பெண்களுக்கு நேர்மாறு. பத்து வருடம் ஆனாலும் 'இனிமேல் என்ன கல்யாணம்?' என்றுதான் கேட்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு அவர்களே நம்பிவிடுகிறார்கள். போன தன்னம்பிக்கையை மீட்கப் பேச்சுக் கூட்டங்களுக்குப் போக வேண்டியதில்லை. இதுவரை கணவர் பெயரில் இருந்தவற்றை மாதத்துக்கு ஒன்றாகத் தன் பெயருக்கு மாற்றத் தொடங்கலாம். கேஸ் இணைப்பு, மின் இணைப்பு, குடும்ப அட்டையில் குடும்பத் தலைவர் பெயர், கணவர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழ், அதை வைத்துப் பட்டா மாறுதல். தாலுகா அலுவலகத்துக்கு அண்ணனையோ தம்பியையோ அனுப்பாமல், தானே விண்ணப்பம் போட்டு, தானே இரண்டு முறை அலைந்து, தானே வாங்கி வர வேண்டும். அந்த அலைச்சலில் வருகிற துணிச்சல், பின்னால் வரன் பேசும்போது 'எனக்கு இது சரிப்படாது' என்று சொல்லக் கைகொடுக்கும். விசேஷ வீடுகளுக்குப் போவதை நிறுத்தத் தேவையில்லை. தாம்பூலம் கொடுக்கத் தயங்குகிற வீடு ஏதாவது இருந்தால், அந்த ஒரு வீட்டை மட்டும் விட்டுவிடலாம்.

பார்த்துப் பேசுவது ஒரே நாளில் முடிகிற காரியமல்ல. மூன்று மாதத்தில் நான்கைந்து முறையாவது பொது இடத்தில் சந்திக்க வேண்டும். முதல் துணையைப் பற்றி அவர் எப்படிப் பேசுகிறார் என்பதைக் கவனியுங்கள். எல்லாத் தப்பும் அந்தப் பக்கம்தான் என்று சாதிப்பவரிடம் எச்சரிக்கை தேவை. இணையத்தில் அறிமுகமாகி, வீடியோ அழைப்புக்கு வராமல் சாக்குச் சொல்லி, பிறகு 'கஸ்டம்ஸில் பார்சல் மாட்டிக்கொண்டது' என்று பணம் கேட்பவர் மோசடிக்காரர்தான். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

அடுத்தது காகிதங்கள். கேட்க வெட்கப்பட்டு ஏமாறுவது இங்கேதான். விவாகரத்தானவர் என்றால் நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலையும், துணையை இழந்தவர் என்றால் இறப்புச் சான்றிதழையும் கேளுங்கள். வழக்கு எண் தெரிந்தால் நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கின் நிலையைப் பார்க்கலாம். ஊர்ப் பஞ்சாயத்தில் 'அத்துவிட்டாச்சு' என்று 20 ரூபாய் பத்திரத்தில் வாங்கிய கையெழுத்து, அப்படியொரு வழக்கம் அந்தச் சமூகத்தில் உண்டென்று நீதிமன்றத்தில் நிரூபிக்க முடிந்தாலன்றி, விவாகரத்து ஆகாது. அதை நம்பிச் செய்த திருமணம் செல்லாது; இருதார மணக் குற்றத்துக்கு 7 ஆண்டு வரை சிறையும் உண்டு. இந்து திருமணச் சட்டப்படி தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 90 நாள் அவகாசம் இருக்கிறது. எதிர்த்து நடந்த வழக்கில் அது கழிவதற்குள் மண்டபம் பார்க்க வேண்டாம். எதிர்தரப்பு ஆஜராகாமல் ஒருதலைப்பட்சமாக வந்த தீர்ப்பை ரத்து செய்யக் கோரிப் பின்னாலும் மனு வரலாம் என்பதால் வழக்கறிஞரிடம் காட்டிவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் உண்டு.

பணத்தில் பெரிய அதிர்ச்சி குடும்ப ஓய்வூதியம். மாநில அரசு ஊழியரின் மனைவிக்கு வரும் குடும்ப ஓய்வூதியமும், பி.எஃப். திட்டத்தின் விதவை ஓய்வூதியமும் மறுமணத்தோடு நின்றுவிடும். மாதாமாதம் வந்த அந்தத் தொகை நின்றால் எப்படிச் சமாளிப்பது என்பதைக் கல்யாணத்துக்கு முன்பே இருவரும் தாளில் கணக்குப் போட வேண்டும். விவாகரத்தானவர் வாங்கிவரும் ஜீவனாம்சத்தையும் மறுமணத்துக்குப் பின் எதிர்பார்க்க முடியாது. பிள்ளைகளுக்கு வரும் தொகை அதனால் நிற்காது. இறந்த கணவரின் சொத்தில் ஏற்கெனவே கிடைத்துவிட்ட பங்கு மறுமணத்தால் கைவிட்டுப் போகாது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஆணின் சொத்துக்கு அவர் மனைவி முதல் திருமணத்தில் பெற்ற பிள்ளைகள் வாரிசு அல்ல. அவர்களுக்கும் ஏதாவது சேர வேண்டுமென்றால் உயில் எழுதிவைக்கலாம். முத்திரைத்தாள் தேவையில்லை, சாட்சிகள் இருவர் போதும். கிறிஸ்தவர்கள் கவனிக்க: திருமணத்துக்கு முன் எழுதிய உயில் திருமணத்தோடு ரத்தாகிவிடும், மறுபடி எழுத வேண்டும்.

எங்கே குடியிருப்பது என்பதை எல்லோரும் கடைசியில் பேசுகிறார்கள். முதலில் பேச வேண்டியது அது. பழைய வீட்டுக்கே புதியவர் வந்தால், ஹாலில் மாலையோடு இருக்கும் முதல் மனைவியின் படம் என்ன ஆகும்? சொல்லாமல் கழற்றினால் பிள்ளைகள் கொதிப்பார்கள். அப்படியே விட்டால் வந்தவருக்கு உறுத்தும். பிள்ளைகளின் அறைக்கு மாற்றலாமா என்று அவர்களிடமே கேட்டு முடிவெடுப்பது பல வீடுகளில் ஒத்துவருகிறது. 'அப்பா', 'அம்மா' என்று கூப்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. முதல் ஓரிரு ஆண்டுகள் கண்டிக்கும் வேலை பெற்றவரிடமே இருக்கட்டும். பதின்ம வயதுப் பிள்ளை இருந்தால் இன்னும் பொறுமை வேண்டும்.

உடம்பைப் பற்றியும் வெளிப்படையாகப் பேசலாம். இருவரும் சர்க்கரை, ரத்த அழுத்தம், எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி பரிசோதனை செய்து முடிவுகளைப் பகிர்ந்துகொள்ளலாம். மாதவிடாய் ஒழுங்கு தவறிவிட்டது என்பதற்காகக் கருத்தடையை விட்டுவிட முடியாது. 50 வயதைத் தாண்டியவருக்குக் கடைசி மாதவிடாயிலிருந்து ஓராண்டும், அதற்குக் கீழ் உள்ளவருக்கு இரண்டாண்டும் தேவைப்படும். தாம்பத்திய உறவின்போது வறட்சியால் வலி இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள், எளிய சிகிச்சை இருக்கிறது.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. டாக்டர் தர்மாம்பாள் அம்மையார் நினைவு விதவை மறுமண நிதியுதவித் திட்டத்தில் 8 கிராம் தங்கமும் பணமும் தருகிறார்கள். ஆனால் மணமகன் 40 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்கிறது விதி. 45 வயதுப் பெண் தன்னைவிட இளையவரைத் தேடிப்பிடித்தால்தான் உதவி என்றாகிறது. சமூக நலத்துறை இந்த வயது வரம்பை நீக்க வேண்டும்.

இப்படிக்கு,
குடும்ப நல ஆலோசகர்கள் சிலர்,
மதுரை.