அப்பா வாணவேடிக்கை பார்க்கட்டும்

அன்புள்ள மாலு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்கும் விசா வந்துவிட்டது என்று நீ எழுதியிருந்த வரியை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு தெருமுனைக் கடைக்குப் போகவே யோசிக்கிறார் என்று போன கடிதத்தில் சொல்லியிருந்தாய். அப்படிப்பட்டவர் பாரிஸ் வரை இவ்வளவு தூரம் வரச் சம்மதித்திருக்கிறார் என்றால் அது பேரப்பிள்ளைகள் நச்சரித்த நச்சரிப்புதான்.

இங்கே எல்லோரும் நலம். மகள் லியோனுக்குப் படிக்கப் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது. எனக்கு இன்னும் அதே ஹோட்டல் வேலைதான், டிஸ்னிலாண்டுக்குப் பக்கத்தில் வால் தெரோப்பில், பெரும்பாலும் மாலை ஷிஃப்ட். தம்பி கிட்டங்கி வேலையை விட்டுவிட்டு வி.டி.சி. ஓட்ட ஆரம்பித்துவிட்டான். வி.டி.சி. என்பது முன்பதிவு செய்தால் மட்டுமே வரும் வாடகைக் கார். அதற்கு எழுத்துத் தேர்வும் உண்டு, ஓட்டிக் காட்டும் தேர்வும் உண்டு. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்தான். ஓட்டுநர் அட்டை கைக்கு வந்த அன்று அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தான். உனக்கு நான் எழுதப் போவதில் பாதி அவன் சொல்லித் தெரிந்தது.

டிஸ்னிலாண்ட் விஷயத்துக்கு வருகிறேன். "காலையில் போய்ச் சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடலாம், அப்பாவை வைத்துக்கொண்டு ராத்திரி ரயிலில் அல்லாட முடியாது" என்று எழுதியிருக்கிறாய். மாலு, அதை மட்டும் செய்யாதே. ரயிலைப் பற்றி நீ பயப்படுவது சரிதான். ஆனால் அதற்காக இரவுக் காட்சியை ஏன் விட வேண்டும்? திரும்பி வருவதற்கு மட்டும் ஒரு காரைப் பேசிவிட்டால் போதும். வேறு எதிலாவது சிக்கனம் பிடித்துக்கொள்ளலாம், இதில் வேண்டாம்.

ஜூலையில் இங்கே பொழுது சாயவே இரவு பத்து மணி ஆகும். இருட்டினால்தானே வாணவேடிக்கை? அதனால் கோடையில் அந்தக் காட்சி பூங்கா மூடும் நேரத்தில், பத்தரை பதினொன்றுக்குத்தான் நடக்கும். தூங்கும் அழகியின் கோட்டை முழுக்க ஒளிப்படங்கள் ஓடும், நீரூற்று எழும்பும், மேலே வாணங்கள் வெடிக்கும். நான் ஷிஃப்ட் முடிந்து வரும்போது தூரத்தில் சத்தம் மட்டும் கேட்கும். மகள் சின்னவளாக இருந்தபோது அதைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் வேறு பேச்சே பேசவில்லை. ஆறு மணிக்குக் கிளம்பினால் உன் பிள்ளைகளுக்கு இது எதுவும் கிடையாது. அப்பாவுக்கும் கிடையாது.

ஆனால் காட்சி முடிந்ததும் நடப்பதை நான் வேலை நாட்களில் கண்ணால் பார்க்கிறேன். பூங்காவில் இருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வெளியே வருவார்கள். ரயில் நிலையம் வாசலுக்கு எதிரேயே இருக்கிறது, இரண்டு நிமிட நடை. அதனால் கூட்டம் அப்படியே அங்கே போய்ச் சேரும். நான் ஏறும் வால் தெரோப் அதற்கு அடுத்த நிலையம்தான், ஆனால் அங்கே வரும்போதே பெட்டி நிறைந்திருக்கும். காதுவைத்த தொப்பி நழுவிக் கழுத்தில் தொங்க, அப்பாவின் தோளில் தூங்கும் பிள்ளைகள். மடக்கிய தள்ளுவண்டியைக் காலில் இடுக்கிக்கொண்டு நிற்கும் அம்மாக்கள். போன மாதம் ஒரு பெரியவர், நம் ஊர்க்காரர் போலத்தான் இருந்தார், கதவுப் பக்கத்துக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். ஆனால் இருக்கைக்குப் போக நடுவில் நின்றவர்கள் விலக வேண்டுமே, அதற்குள் நான் இறங்கும் நுவாசியே வந்துவிட்டது. உன் கடிதம் வந்ததிலிருந்து அவர் ஞாபகமாகவே இருக்கிறது.

உங்களுக்கு ரயிலோடும் முடியாது. நீங்கள் ரிபப்ளிக் பக்கம் அறை போட்டிருக்கிறீர்கள். நேஷன் நிலையத்தில் இறங்கி, 9-ம் எண் மெட்ரோ பிடித்து, அங்கேயும் படி ஏற வேண்டும். பாரிஸ் மெட்ரோவில் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உள்ள தடம் 14 ஒன்றுதான். நள்ளிரவில் அந்த முட்டியோடு ஒவ்வொரு படியாக அவர் ஏறுவதை நினைத்தாலே எனக்குப் பொறுக்கவில்லை.

போகும்போது கார் தேவையில்லை. காலையில் எல்லோரும் நகரத்துக்குள் வருவார்கள், நீங்கள் வெளியே போகிறீர்கள். ஆர்.இ.ஆர். ஏ என்ற புறநகர் ரயிலில் உட்கார இடம் கிடைக்கும். முன்பு ஒரு வழிக்கு 5 யூரோ வாங்கினார்கள். 2025 ஜனவரியில் பாரிஸ் வட்டாரம் முழுக்க ஒரே கட்டணம் ஆக்கி 2.50-க்குக் கொண்டுவந்தார்கள், சின்னவளுக்குப் பாதிதான். டிக்கெட்டை ஏற்றிக்கொள்ள ஆளுக்கு ஒரு நவிகோ ஈஸி அட்டை வேண்டும், ஒன்றை வைத்து இன்னொருவரை உள்ளே விட முடியாது. வீட்டுக்காரர் பெரியவனோடு மெட்ரோவில் நேஷன் வரட்டும். நீ அப்பாவையும் சின்னவளையும் கூட்டிக்கொண்டு டாக்சியில் வந்துவிடு, பக்கம்தான். வின்சென் தாண்டியதும் தடம் இரண்டாகப் பிரியும், பலகையில் மார்ன் லா வாலே ஷெஸி என்று போட்டிருக்கிறதா பார்த்து ஏறுங்கள். டிஸ்னிலாண்ட் நிலையத்தின் பெயர் அது. அதுதான் கடைசி நிலையம், இறங்க மறந்துவிடுவோமோ என்ற கவலை இல்லை.

இனி ராத்திரிக் கார். நீங்கள் ஐந்து பேர். தம்பியின் கார் ஓட்டுநரைத் தவிர நான்கு பேருக்குத்தான், அதனால் அவன் வர முடியாது. "பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் கேட்காதே, இங்கே அது நடக்காது. வேன் என்றே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு உயரத்துக்கேற்ற இருக்கை வைக்க வேண்டும் என்பது சட்டம். டாக்சிக்கு அதில் விலக்கு உண்டு, வி.டி.சி.க்குக் கிடையாது. ஆகவே சின்னவளின் வயதையும் எடையையும் பதிவு செய்யும்போதே சொல்லிவிட வேண்டும். அப்போதுதான் வைத்துக்கொண்டு வருவார்கள்.

டாக்சியே பிடித்துக்கொள்ளலாமே என்று கேட்பாய். விமான நிலையத்துக்கும் பாரிசுக்கும் நடுவே டாக்சிக்கு அரசு நிர்ணயித்த ஒரே கட்டணம் உண்டு. ஷார்ல் தெ கோல் விமான நிலையம் என்றால் 2025-ல் சேன் ஆற்றின் வலக்கரைக்கு 56 யூரோ, இடக்கரைக்கு 65 என்று இருந்தது. டிஸ்னிலாண்டுக்கு அப்படி எதுவும் இல்லை. மீட்டர் ஓடும், இரவுக் கட்டணம் ஏறும், ஐந்தாவது ஆளுக்குத் தனியாகச் சேரும். அதைவிட, அந்த நேரத்தில் வரிசையில் எத்தனை பேர் நிற்பார்கள் என்று நினைத்துப் பார். முன்பதிவு செய்த வேனுக்கு விலை முன்னாலேயே முடிவாகிவிடும். நூறு யூரோவை ஒட்டிக் கேட்பார்கள். 32 கிலோமீட்டர், ஏ4 நெடுஞ்சாலை, அந்த நேரத்துக்குச் சாலை காலியாக இருக்கும். முக்கால் மணிக்குள் உங்கள் விடுதி வாசலில் இறக்கிவிடுவார்கள்.

விலையை மட்டும் பேசிவிட்டு நிறுத்திக்கொள்ளாதே. சுங்கம், இரவுக் கூடுதல், இருக்கை எல்லாம் சேர்த்துத்தானா, எவ்வளவு நேரம் இலவசமாகக் காத்திருப்பார், எத்தனை மணிக்கு முன்னால் சொன்னால் ரத்துக்குப் பணம் பிடிக்க மாட்டார்கள் என்பதெல்லாம் எழுத்தில் வர வேண்டும். ஓட்டுநர் பெயர், போன் நம்பர், வண்டி எண் முந்தின நாளே வந்துவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியம், எங்கே வந்து நிற்பார் என்பது. பாதுகாப்புச் சோதனை இருப்பதால் பூங்கா வாசல் வரை வண்டி வராது. "டிஸ்னிலாண்டில் நிற்கிறேன்" என்று ஒருவர் சொல்வதும் "நாங்களும் அங்கேதான்" என்று இன்னொருவர் சொல்வதுமாக அரை மணி நேரம் போய்விடும் என்கிறான் தம்பி, அவன் வேலையில் இதுதான் தினசரித் தலைவலியாம். ஏதாவது ஒரு ஹோட்டலின் வரவேற்பறை என்று வைத்துக்கொள். அப்பாவுக்கு உட்கார நாற்காலி இருக்கும், மழை வந்தாலும் கவலையில்லை.

நேரம் குறிக்கும்போது காட்சி முடியும் நேரத்தைச் சொல்லாதே. முடிந்த பிறகு கோட்டையிலிருந்து வாசலுக்கு வரவே கூட்டத்தில் நேரமாகும், கழிப்பறைக்கு வரிசை நிற்கும். முக்கால் மணி தள்ளியே சொல். காற்று பலமாக இருந்தால் வாணவேடிக்கையை நிறுத்திவிடுவார்கள், அப்படி ஆனால் ஓட்டுநருக்கு ஒரு மெசேஜ் போட்டுச் சீக்கிரம் வரச் சொல்லலாம். அதற்கு உன் போனில் இங்கத்து சிம் இருக்க வேண்டும். வந்து இறங்கியதும் அதை வாங்கிவிடலாம்.

ஊரில் உனக்குச் சொன்னார்களே, தெரிந்தவர் ஒருவர் தன் சொந்தக் காரில் அறுபது யூரோவுக்குக் கூட்டிப் போய் வருவார் என்று, அது வேண்டவே வேண்டாம். நம்மவர், நல்லவர், எல்லாம் சரி. ஆனால் உரிமம் இல்லாமல் காசுக்கு ஆளேற்றுவது இங்கே குற்றம், ஓராண்டுச் சிறையும் 15,000 யூரோ அபராதமும் வரை போகும். சொந்தக் கார் இன்ஷூரன்ஸ் வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. வழியில் ஏதாவது ஆனால் அவர் குடும்பமும் தெருவில் நிற்கும், நீங்களும் நிற்பீர்கள். அந்த ஒரு அட்டைக்காகத் தம்பி பட்ட பாட்டைப் பார்த்த பிறகு இதைச் சாதாரணமாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. விமான நிலையத்தில் "டாக்சி, டாக்சி" என்று அருகில் வந்து கேட்பவர்கள் கதையும் இதேதான். வி.டி.சி. தெருவில் ஆள் பிடிக்கக் கூடாது, முறையான டாக்சி வரிசையில் நிற்கும். தானாக வந்து பெட்டியில் கை வைப்பவர் இரண்டிலும் சேர்த்தி இல்லை. முறையான வி.டி.சி. வண்டியின் கண்ணாடியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், ஓட்டுநரின் அட்டையும் வெளியே தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், பேரம் பேசி ரொம்பக் குறைத்துவிடாதே. நள்ளிரவில் ஒருவர் அங்கே வந்து காத்திருந்து, உங்களை விட்டுவிட்டு, வெறும் வண்டியோடு வீடு திரும்புகிறார். எரிபொருளும் முன்பதிவு செயலிக்கான கமிஷனும் போக அவர் கையில் நிற்பது கொஞ்சம்தான்.

பூங்காவுக்குள் அப்பா எப்படிச் சமாளிப்பார் என்றும் கேட்டிருந்தாய். வாசல் பக்கத்திலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், வேண்டாம் என்பார், நீ எடுத்துவிடு. உள்ளே நுழைந்ததும் வரும் மெயின் ஸ்ட்ரீட் தெருவின் இரண்டு பக்கமும் கடைகளுக்குப் பின்னால் கூரை போட்ட நடைபாதை இருக்கிறது. இந்த ஊர் மழையை நினைத்துக் கட்டியது, கூட்டமும் குறைவு, அவரை அந்த வழியாகக் கூட்டிப் போ. கோட்டைக்கு அடியில் ஒரு குகை, அதில் சங்கிலியில் கட்டிய பெரிய டிராகன் படுத்திருக்கும். திடீரென்று தலையைத் தூக்கி உறுமிப் புகை விடும். சின்னவள் அலறிவிடுவாள், முன்கூட்டியே சொல்லிவை. பிறகு பூங்காவைச் சுற்றி ஒரு நீராவி ரயில் ஓடுகிறது. அதில் அப்பாவை அவசியம் ஏற்று. தாவரவியல் பூங்காவின் பொம்மை ரயிலுக்கு நம் இரண்டு பேரையும் ஒரே சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போவாரே, ஞாபகம் இருக்கிறதா? டிக்கெட் நமக்கு மட்டும் எடுப்பார். அவர் வேலிக்கு வெளியே நின்று, ஒவ்வொரு சுற்றுக்கும் கையாட்டுவார். இந்த முறை அவர் உள்ளே உட்காரட்டும்.

வேனுக்கான பணத்தை நான் கொடுக்கிறேன் என்றால் சண்டைக்கு வருவாய் என்று தெரியும். அப்பாவுக்கு என் பங்காக இருக்கட்டும், விடு.

தம்பியின் கூட்டாளி ஒருவர் வேன் வைத்திருக்கிறார், உரிமம் எல்லாம் உண்டு, பிள்ளைகளிடம் பொறுமையானவர். பூங்காவுக்கு எந்தத் தேதி என்று முடிவானதும் எழுது. விடுதியின் முழு முகவரி, சின்னவளின் எடை, நாற்காலி மடக்கி வைக்க இடம் வேண்டுமா என்பதையும் சேர்த்து எழுது. ஜூலையில் சனி ஞாயிறு சீக்கிரம் நிரம்பிவிடும், செவ்வாய் புதன் என்றால் நல்லது. அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்து வை, இரவு பதினொரு மணிக்குக் கோடையிலும் குளிரும்.

அன்புடன்,
செல்வி