இளைத்துப்போன தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இதை வீட்டு வாட்ஸ்அப் குழுவில் எழுதினால் பதிலுக்கு ஓர் உணவு அட்டவணை அனுப்பிவைப்பாய். அதனால் பொதுவில் எழுதுகிறேன். பெயரைச் சொல்லவில்லை. குன்னூரில் ஒரு வருஷத்துக்குள் 28 கிலோ இளைத்தவன் நீ ஒருவன்தானா என்ன?

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இரத்த அழுத்த மாத்திரை பாதியாகிவிட்டது. சிம்ஸ் பூங்காவின் அடிப்பள்ளம் வரை இறங்கி, எங்கும் நிற்காமல் மேலே ஏறி வருகிறாய். குறட்டை நின்றுவிட்டது, தீபாவளிக்கு ஊட்டியிலிருந்து வந்து பக்கத்து அறையில் படுத்தவள் என்ற முறையில் அதற்குத் தனி நன்றி.

ஊர் அடித்த கூத்தையும் பார்த்தேன். முதலில் "சுகரா?" என்று கேட்டார்கள். இன்னும் கொஞ்சம் குறைந்ததும் "ஏதாவது மனக்கஷ்டமா?" என்றார்கள். பேண்ட்டை இரண்டாம் முறை பிடித்துத் தைத்த பிறகுதான் "ஆளே அடையாளம் தெரியவில்லையே" என்று பாராட்டத் தொடங்கினார்கள். பொருத்தமில்லை என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்பிய கோத்தகிரிக்காரர்கள் மறுபடியும் ஆள் விட்டார்கள். "கிலோ குறைந்தால் கிரகமும் நகருமா அக்கா?" என்று நீ கேட்டாய். உன் கோபம் நியாயமானது. அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதே.

ஆனால் அந்தக் கோபம் போய் விழுந்த இடம்தான் எனக்குப் பொறுக்கவில்லை. சித்தி மகள் வீட்டுப் பால்காய்ச்சலில் நடந்ததைச் சொல்கிறேன். அவள் வர்க்கியை டீயில் தோய்த்து, அது ஊறி உடைவதற்குள் வாய்க்குக் கொண்டுபோகிற நேரம் பார்த்து, "அதில் எவ்வளவு வனஸ்பதி இருக்கிறது தெரியுமா?" என்றாய். அவள் கை நின்றது. வர்க்கி உடைந்து டம்ளருக்குள் விழுந்தது. எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்க, "மனக்கட்டுப்பாடு வேண்டும்" என்று வேறு சேர்த்தாய். டம்ளரை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு அவள் இலை போடப் போய்விட்டாள்.

அவளும் ஒருமுறை உன்னைப் போலவே இளைத்தவள். பிறகு ஏறிவிட்டது. கட்டுப்பாடு போனதால் ஏறியது என்று நீ தீர்ப்பு எழுதிவிட்டாய். 2011இல் மெல்போர்ன் ஆய்வாளர்கள் ஒன்றை வெளியிட்டார்கள். பத்து வாரம் மிகக் குறைவாகச் சாப்பிட்டு எடை குறைத்தவர்களை ஒரு வருஷம் கழித்துச் சோதித்தபோது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் இன்னும் கூடுதலாகவே இருந்தது; போதும் என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் இன்னும் குறைவாகவே இருந்தது. பசியும் பழைய அளவுக்கு இறங்கவில்லை. இழந்த எடையை உடம்பு திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சித்தி மகள் அத்தனை நாளும் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். நீ இப்போதுதான் களத்தில் இறங்கியிருக்கிறாய்.

இன்னொன்றும் உண்டு. 1944இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனையைத் தொடங்கினார். ஆறு மாதத்துக்கு அரைவயிற்றுச் சாப்பாடு. அவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிப் படித்தார்கள், சாப்பாட்டைக் கனவு கண்டார்கள், சின்ன விஷயத்துக்கெல்லாம் சிடுசிடுத்தார்கள், எப்போதும் குளிர்கிறது என்றார்கள். நீ அந்த அளவுக்குப் பட்டினி கிடக்கவில்லை, தெரியும். ஆனாலும் மார்கழிப் பனியில் அரைக்கைச் சட்டையோடு பால் வாங்கப் போனவன், சித்திரையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, இரவு பதினொரு மணிக்குப் பிரியாணி வீடியோ பார்க்கிறாய். உன் பேச்சில் உன் கொள்கை எவ்வளவு, உன் பசி எவ்வளவு என்று எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது.

கோத்தகிரி பஸ்ஸில் "உனக்கு ரெண்டு டிக்கெட்டா?" என்று கேட்ட கண்டக்டர் நினைவிருக்கிறதா? பஸ்ஸே சிரித்தது. எல்லோருக்கும் முன்னால் நீயே சிரித்தாய். அதுதான் உன் வழக்கம், மற்றவன் ஆரம்பிப்பதற்குள் நீ சிரித்து முடித்துவிடுவாய். அந்தக் கண்டக்டர் வேலையை இப்போது நீ ஏன் எடுத்துக்கொண்டாய்?

கூடத்தில் இருந்த பழைய போட்டோவைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாயாம். "அந்தத் தடியனைப் பார்க்கப் பிடிக்கவில்லை" என்றாயாம். அம்மா சொல்லி வருத்தப்பட்டாள். ஜீப் நிற்கிற இடத்திலிருந்து நம் வீட்டுக்கு எண்பது படிக்கு மேல். அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது ஆடி மழையில், படியெல்லாம் பாசி. நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கலாம் என்று நான்கு பேர் யோசனை சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்தத் தடியன்தான் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் ஊன்றி, சில்வர் ஓக் மரத்தடித் திருப்பத்தில் ஒரே ஒருமுறை நின்று, மேலே கொண்டுவந்து சேர்த்தான். "சிரமமாடா?" என்று அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். "முன்னால் ஒரு மூட்டை ஏற்கெனவே இருக்கிறது, பின்னால் ஒன்று வைத்தால்தான் சரியாக நிற்கும்" என்றான். வலியோடு அப்பா சிரித்தார். நீ கழற்றியது அவன் போட்டோவை. எனக்கு அவனைப் பிடிக்கும். பரணிலிருந்து எடுத்துக் கொடு, என் வீட்டில் மாட்டிக்கொள்கிறேன்.

சித்தி மகளிடம் மன்னிப்பு என்று நீட்டி முழக்காதே, கூசிப்போவாள். ஞாயிற்றுக்கிழமை போய், கொடுப்பதைச் சாப்பிடு, வேண்டாமென்றால் வேண்டாமென்று மட்டும் சொல். அவளுடைய இடமாற்றம் என்ன ஆயிற்று என்று கேள். மூன்று மாதமாக அதற்கு அலைந்துகொண்டிருக்கிறாள், உனக்குத் தெரியாது.

கோத்தகிரிக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று அம்மா கேட்கிறாள். அதையும் இந்த வாரத்துக்குள் சொல்லிவிடு.

அக்கா