எடின்பரோ பல்கலைக்கழகத்தாருக்கு, ஓர் அடிக்குறிப்பு பற்றி

எடின்பரோ பல்கலைக்கழக நிர்வாகத்தாருக்கும், அங்கே தத்துவம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம். தமிழில் எழுதினால் அவர்களுக்கு எங்கே புரியப்போகிறது என்று கேட்பார்கள். திறந்த மடல்தானே, போகிற வழியில் நாலு பேர் படிக்கட்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூமுக்கும் உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ஒத்துவந்ததே இல்லை. 1745-இல் அறவியல் பேராசிரியர் பதவிக்கு முயன்றார். நாத்திகர் என்ற பேச்சு கிளம்பி, கைக்கு எட்டாமல் போனது. இருநூறு வருஷம் கழித்து ஓர் உயரமான கட்டடத்துக்கு அவர் பெயரை வைத்தீர்கள். 2020 செப்டம்பரில் அதையும் எடுத்துவிட்டு, '40 ஜார்ஜ் சதுக்கம்' என்று விலாசத்தையே பெயராக்கினீர்கள்.

பெயரை எடுத்ததில் எனக்கு வழக்கு இல்லை. அதற்குக் காரணமான அடிக்குறிப்பும் சேர்ந்து மறந்துபோய்விடக் கூடாது என்பதுதான் கவலை.

தேசங்களின் குணங்களைப் பற்றிய கட்டுரைக்கு ஹியூம் பிற்பாடு சேர்த்த குறிப்பு அது. கறுப்பர்கள் இயல்பிலேயே வெள்ளையரைவிடத் தாழ்ந்தவர்கள் என்று 'சந்தேகிக்கிறேன்' என்கிறார். ஜமைக்காவில் படித்த கறுப்பர் ஒருவர் இருக்கிறாராமே? இருக்கலாம், நாலு வார்த்தை தெளிவாகப் பேசும் கிளியை மெச்சுவதுபோல மெச்சுகிறார்கள் என்று தள்ளிவிடுகிறார். அவர் குறிப்பிடுவது லத்தீனில் கவி பாடிய பிரான்சிஸ் வில்லியம்ஸை என்பது அறிஞர்கள் கருத்து. அனுபவமே அறிவுக்கு வேர் என்றவர், ஜமைக்காவைக் கண்ணால் கண்டதில்லை.

இதே மனிதர்தான், ஒரே அளவில் முறுக்கிய தந்திகளில் ஒன்றை மீட்டினால் மற்றவையும் அதிர்வதுபோல, ஒருவர் உணர்ச்சி அடுத்தவர் நெஞ்சுக்குத் தாவுகிறது என்று எழுதினார். அறத்துக்கு ஊற்று அங்கேதான் என்றார். பக்கத்தில் இருப்பவனுக்கு உருகும் மனம் தூரத்தில் இருப்பவனுக்கு உருகாது, அதனால் பொதுவான ஓரிடத்தில் நின்று பார்த்துத் தீர்ப்பைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்றும் அவரே சொல்லியிருக்கிறார். ஜமைக்கா வரைக்கும் அவருடைய தந்தி அதிரவில்லை. சரிசெய்துகொள்ளவும் இல்லை.

காலம் அப்படி என்று மழுப்பவும் வழியில்லை. அதே ஸ்காட்லாந்தில், அபர்தீனில் தத்துவம் சொல்லிக்கொடுத்த ஜேம்ஸ் பீட்டி 1770-லேயே இந்தக் குறிப்பை எதிர்த்து எழுதிவிட்டார். இத்தனைக்கும் தத்துவத்தில் ஹியூமுக்குப் பக்கத்தில் நிற்கக்கூடியவர் இல்லை அவர்.

ஆகவே என் கோரிக்கை சின்னதுதான். தந்தி வருகிற பக்கத்தையும் கிளி வருகிற குறிப்பையும் ஒரே நாளில், ஒரே வகுப்பில் படிக்க வையுங்கள். முதல் வருஷத்திலேயே.

அப்புறம் ஒன்று. உங்கள் ஊர் ராயல் மைல் தெருவில் உட்கார்ந்திருக்கும் அவருடைய சிலையின் கால் கட்டைவிரல், அதிர்ஷ்டம் வரும் என்று தடவித் தடவிப் பளபளத்துக் கிடக்கிறது. அற்புதங்களை நம்பாதே என்றவரின் விரல்! உங்கள் பிள்ளைகள் அதைத் தொடப் போவதற்குள் அந்த வகுப்பை நடத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஹியூமை விடாமல் படித்துவரும் ஒரு தமிழ் வாசகர்