நின்ற வண்டிதானே என்று ஏறாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. கூட்ஸ் வண்டி ஏணியில் நீ பாதி ஏறி நிற்கிறாய். உன் சிநேகிதன் உச்சியில் உட்கார்ந்திருக்கிறான். வண்டி நின்றுகொண்டுதானே இருந்தது என்பாய். வண்டி நிற்கும், மேலே கம்பியில் கரண்ட் நிற்காது.

முப்பது வருஷம் ரயில்வேயில் ஓ.எச்.இ.யில், அதாவது தண்டவாளத்துக்கு மேலே போகும் கரண்ட் கம்பியைப் பராமரிக்கும் பிரிவில், வேலை பார்த்தவன் சொல்கிறேன். நம் வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட். உன் ரூமுக்குப் பக்கத்தில் போகும் தாம்பரம் ரயில் லைனில் 1931-இல் கொடுத்தது 1,500 வோல்ட், இன்றைக்கு 25,000. தொடவே வேண்டாம், கிட்டே போனாலே பாயும். கம்பி ஏறக்குறைய 18 அடி உயரம். மூடின வேகனின் கூரையே 12 அடிக்கு மேல். அதன்மேல் நீ எழுந்து நின்றால் மிச்சம் எவ்வளவு?

கரண்ட் ஓடும் கம்பிக்கு 2 மீட்டருக்குள் போக எங்களுக்கே அனுமதியில்லை. பவர் பிளாக், அதாவது கரண்டை நிறுத்திவைக்கும் அனுமதி, வாங்கி, சப்ளை நின்றது என்று உறுதியான பிறகும், இரண்டு பக்கமும் கரண்டைத் தரைக்கு இறக்கும் எர்த் ராடு மாட்டாமல் கம்பியில் கை வைக்க மாட்டோம். பக்கத்து லைனில் ஓடும் கரண்டே அணைத்த கம்பியில் ஏறிவிடும்.

வண்டிகளை நிறுத்திவைக்கும் ஒரு யார்டில் நடந்ததை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. உன் வயசுப் பையன். போட்டோ எடுக்க ஏறி, போன் பிடித்த கையைத் தூக்கியிருக்கிறான். வெடி போட்ட மாதிரி சத்தம். நாங்கள் ஓடிப்போவதற்குள் அவனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஏணியின் கீழ்ப்படியில் ஒரு செருப்பு மாட்டிக்கொண்டிருந்தது. புதுச் செருப்பு, அடியில் விலைச்சீட்டுகூடக் கிழிக்கவில்லை. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். நீ அப்போது ஒன்றாம் வகுப்பு. வீட்டுக்கு வந்து, வாசலில் கிடந்த உன் செருப்பை எடுத்து உள்ளே வைத்தேன்.

வண்டிக்குள் இருக்கும்வரை பயப்படாதே. பெட்டியின் இரும்பு உடம்பு சக்கரம் வழியாகத் தண்டவாளத்தோடு சேர்ந்திருக்கிறது. கம்பி அறுந்து பெட்டிமேல் விழுந்தாலும் உள்ளேயே இரு. சப்ளை நிறுத்தியாயிற்று என்று ரயில்வே ஆட்கள் சொல்லும்வரை இறங்காதே; ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலும் இருக்கும் அந்த நொடிதான் ஆளைக் கொல்லும்.

படத்தை அழித்துவிடு. உன் சிநேகிதனுக்கும் இதைப் படித்துக் காட்டு. அவன் அப்பாவிடம் நான் பேசவேண்டுமென்றால் நம்பர் அனுப்பு. லைனில் எங்காவது கம்பி தொங்கக் கண்டால் நீயும் போகாதே, யாரையும் போகவிடாதே. ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல், இல்லையென்றால் 139-க்குப் போன் போடு. எனக்கு அப்புறம் சொன்னால் போதும்.

அன்புடன்,
அப்பா